சுவரில் விட்ட இடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த மாதிரிக் கதை சொல்கிறவர்களை நக்கலடிக்கிற ஆள் நான். பெங்களூர் பக்கம் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் காலம் முழுக்க இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்து ரிட்டையர் ஆனவன். அளவு கொஞ்சம் தள்ளிப்போனால்கூட பீஸைத் தூக்கி ரிஜெக்ட் பெட்டியில் போடுவதுதான் என் வேலை, அதனால் அளந்து பார்க்க முடியாத எதையும் நான் மதித்ததே இல்லை. எங்கள் லேஅவுட்டில் யாராவது வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம் என்று ஆரம்பித்தால் அந்தப் புடவை எத்தனை முழம் என்று கேட்பேன். நீங்களும் இப்போது என்னிடம் அப்படிக் கேட்கலாம், எனக்குக் கோபம் வராது. ஆனால் இது நடந்தது, எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில், பட்டப்பகலில், என் கண் முன்னால் நடந்தது.

என் மனைவி கலாவுக்கு முட்டி ஆபரேஷன் நடந்த பிறகு ஆரம்பித்த விஷயம் இது. ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது, ஆனால் அவள் நடக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை போவாள், திரும்பி வந்து ஹாலில் அதே நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பாள். பிசியோதெரபி பெண் வந்தால் தலை வலிக்கிறது என்பாள். இந்த வருஷத்துக்குள் முட்டியை மடக்கி நடக்கப் பழகாவிட்டால் வாழ்நாள் முழுக்க வாக்கர்தான் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். என் கலா ஒரு இடத்தில் உட்காராதவள். சந்தாபுரா சந்தையில் அவள் நடக்கிற வேகத்துக்குப் பையைத் தூக்கிக்கொண்டு நான்தான் பின்னால் ஓடுவேன்.

அவள் நடக்காததற்கு முட்டி மட்டும் காரணம் இல்லை, அது எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு மெஹர் அக்கா இல்லை என்பதுதான் காரணம். மெஹர் அக்கா பெங்களூர் அடுகோடியில் பிறந்து வளர்ந்தவள், கணவர் போன பிறகு தனியாகவே அந்த வீட்டில் இருந்தாள், ஒரே மகன் இம்ரான் துபாயில். அவளும் கலாவும் எத்தனை வருஷப் பழக்கம் என்று கேட்காதீர்கள், இந்த லேஅவுட்டில் கரன்ட் கம்பம் வருவதற்கு முன்னாலேயே இரண்டு பேரும் சிநேகிதம். நடுவில் காம்பவுண்ட் சுவர் கட்டியபோது இரண்டு பேரும் மேஸ்திரியிடம் சொல்லி ஓர் இடத்தில் மேல் வரிசைக் கல்லை வைக்கவிடாமல் செய்துவிட்டார்கள். கை நீட்டிப் பாத்திரம் கொடுத்து வாங்குகிற அளவுக்கு ஒரு பள்ளம். சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் அங்கிருந்து குரல் வரும், கலா இங்கே அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவாள்.

மெஹர் அக்காவிடம் ஒரு வழக்கம். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டாள், அப்படிக் கொடுத்தால் வீட்டு பர்க்கத், அதாவது நிறைவு, போய்விடும் என்பாள். கலாவும் அப்படித்தான். பிரியாணி வந்தால் அதே பாத்திரத்தில் தயிர்சாதம் போகும். ஒன்றுமே இல்லாத நாளில்கூட மெஹர் அக்கா ஒரு பிடி சர்க்கரையைப் போட்டு அனுப்புவாள், இல்லாவிட்டால் உடைந்த பிளாஸ்டிக் பக்கெட்டில் அவள் வளர்த்த புதினாவில் நாலு கொத்து. எனக்கு ஷுகர் வந்த பிறகு கலா எங்கள் வீட்டில் சர்க்கரை வாங்குவதையே நிறுத்திவிட்டாள். அதற்காக மெஹர் அக்கா சும்மா இருப்பாளா, சர்க்கரைப் பாத்திரத்தைக் கொடுக்கும்போது என் காதில் விழுகிற மாதிரி, "கலா, இன்ஸ்பெக்டர் சாப் கண்ணுல காட்டாதே, ஜரா ஒளிச்சு வெய்" என்பாள். என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

கலா ஆபரேஷனுக்குப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். சம்மதிக்க வைத்தது நானும் இல்லை, எங்கள் மகள் ப்ரீத்தியும் இல்லை. மெஹர் அக்காதான் அந்தச் சுவர் மேல் கையை வைத்துக்கொண்டு, "நீ பயப்படாம பண்ணிக்கோ கலா. உன்னை நடக்க வெக்கிறது என் பொறுப்பு" என்றாள். அந்த வார்த்தைக்காகத்தான் இவள் சரி என்றாள். அதற்கப்புறம் கொஞ்ச நாளில் மெஹர் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. கலா மிளகு ரசம் வைத்துத் தன் கல்யாணத் தூக்குச்சட்டியில் ஊற்றி அந்தப் பள்ளத்தில் கொடுத்தாள். அன்று மாலையே அக்காவின் தம்பி வந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார், அவள் திரும்பி வரவில்லை. இம்ரான் வந்து அடக்கம் முடித்துவிட்டு, வீட்டைப் பூட்டிச் சாவியோடு துபாய் போய்விட்டான். தூக்குச்சட்டி உள்ளேயே தங்கிவிட்டது. அதைக் கேட்டு வாங்கலாம் என்றபோது கலா என்னை ஒரு பார்வை பார்த்தாள், அதோடு நான் வாயைத் திறக்கவில்லை. முன்னாலேயே தேதி வாங்கியிருந்த ஆபரேஷன் அதற்கப்புறம் நடந்தது, முடிந்து வந்ததிலிருந்து அவள் பின்பக்கக் கதவைத் தாண்டியதே இல்லை.

தண்ணீருக்குள் நடந்தால் முட்டிக்குப் பாரம் தெரியாது என்று பிசியோதெரபி பெண்தான் சொன்னாள். கிளப்பில் பெண்களுக்கென்று தனி நேரம் இருக்கிறது என்று நான் விசாரித்து வந்தேன். கலா, "அந்தக் குட்டி டிரஸ்ஸ மாட்டிக்கிட்டு நான் எங்கங்க போறது, எனக்கென்ன தலையெழுத்து" என்று முடித்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. வீட்டுப் பின்னால் நீளமாக இடம் கிடக்கிறது, ஒரு பப்பாளி மரம், துணி காயப்போடுகிற கம்பி, துவைக்கிற கல், வேறு ஒன்றும் இல்லை. அங்கேயே ஒரு குளம் கட்டிவிடுவோம், இவள் யார் கண்ணிலும் படாமல் நைட்டியோடு நடக்கட்டும் என்று தீர்மானித்தேன்.

ப்ரீத்தியிடம் சொன்னதுதான் தாமதம், அவள் படம் போட்டு அனுப்பிவிட்டாள். குளம் மட்டுமா, மரப்பலகை போட்ட டெக், அதற்கு மேல் பெர்கோலா என்கிற மரச்சட்டப் பந்தல், பிரம்பு சோபா, தொங்குகிற விளக்கு, ஓரத்தில் ஒரு குட்டி அடுப்பு மேடை. இது பின்பக்கமா ஏதாவது ரிசார்ட்டா என்று கேட்டேன். "அப்பா, அம்மா வெளிய வந்து உக்காரணும்னா உக்காரத் தோணுற மாதிரி இருக்கணும்ல" என்றாள். அதில் நியாயம் இருந்தது. பெரிய நீச்சல்குளம் இல்லை, நெஞ்சளவு ஆழம், காம்பவுண்ட் சுவரை ஒட்டி நீளவாக்கில், இந்த முனையில் படி இறங்கி நடந்து அந்த முனையில் படி ஏறுகிற மாதிரி, இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி. ஏறுகிற படி சரியாக அந்தப் பள்ளத்துக்குக் கீழே வந்து முடிந்தது. நாங்கள் திட்டம் போட்டு அப்படி வைக்கவில்லை, இடம் அப்படி அமைந்தது.

தர்மபுரிக்கார மேஸ்திரி பழனி வேலையை எடுத்துக்கொண்டான். வாயாடி, ஆனால் வேலையில் ஏமாற்ற மாட்டான். குழி தோண்டி, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, நீர் கசியாமல் பூச்சும் பூசி, டெக்கும் போட்டாகிவிட்டது. பிறகு சுவரை உயர்த்துகிற வேலை. நாளைக்கே பக்கத்து வீட்டில் யாராவது பேச்சுலர் பையன்கள் குடிவந்தால் கலா குளத்தில் இறங்குவாளா? அதனால் அந்தப் பள்ளத்தையும் அடைத்து மேலே இரண்டு வரிசை கட்டச் சொன்னேன். உள்ளே உட்கார்ந்தபடியே கலா, "அந்த எடத்த மட்டும் விட்டுடுங்களேன்" என்றாள். உனக்காகத்தானே கட்டுகிறேன், அதை விட்டால் மொத்தமும் வீண் என்று நான் விளக்கம் சொன்னேன். அவள் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பழனி சாயங்காலம் பள்ளத்தில் கல் வைத்து சிமென்ட் பூசிவிட்டுப் போனான். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் அந்த இடத்துக் கற்கள் மட்டும் கீழே இருந்தன. விழுந்து கிடந்தன என்று நினைக்காதீர்கள். எங்கள் பக்கம் தரையில், ஒன்றன்மேல் ஒன்றாக, விளிம்பு விளிம்போடு சேர அடுக்கியிருந்தன. கல்லில் ஒட்டியிருக்க வேண்டிய சிமென்ட் இல்லை, துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. பழனி என்னைப் பார்த்தான், நான் பழனியைப் பார்த்தேன். அவனுடைய ஆட்களில் யாரோ விளையாடுகிறார்கள் என்று நான் சத்தம் போட்டேன், அவன் குரங்கு என்றான். குரங்கு கல்லைக் கழுவி அடுக்குமா என்று கேட்டேன். சிமென்ட் கூடுதலாகப் போட்டு மறுபடி கட்டினான், மறுபடியும் அதேதான்.

மூன்றாவது முறை நானே காவல் உட்கார்ந்தேன். பழனி காலையிலேயே கட்டி முடித்துவிட்டான், நல்ல வெயில், மத்தியானத்துக்குள் சிமென்ட் இறுகிவிட்டது, நான் கையால் தள்ளியே பார்த்தேன், அசையவில்லை. டெக்கில் நாற்காலி போட்டு, பேப்பரை வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடியே இருந்தேன். தூரத்து மசூதியில் பாங்கு கேட்டது. அதே நேரம் ப்ரீத்தி போன் பண்ணினாள், விளக்கு என்ன கலர் என்று ஏதோ கேட்டாள், நான் தலையைக் குனிந்து போனில் அவள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட இல்லை. நிமிர்ந்தால் பள்ளம் பழையபடி திறந்திருந்தது, கற்கள் கீழே அடுக்கியிருந்தன. சத்தமே கேட்கவில்லை. நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயம் வருவதற்கு முன்னால் கோபம்தான் வந்தது.

பழனி எலுமிச்சம்பழம், கற்பூரம் என்று ஆரம்பித்தான், பிறகு ஆனேக்கல்லில் வேறு வேலை இருக்கிறது என்று மெதுவாக நழுவப் பார்த்தான். அவனைச் சமாதானப்படுத்திவிட்டு நான் உள்ளே போய், கலாவைச் சிரிக்க வைக்கலாம் என்று இதை ஒரு காமெடி மாதிரி சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. வாக்கரை இழுத்து நிறுத்தினாள், எழுந்தாள், ஹாலைத் தாண்டி, சமையலறையைத் தாண்டிப் பின்பக்கக் கதவுக்கு வந்து நின்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவை. குளத்தையோ டெக்கையோ அவள் பார்க்கவே இல்லை, அந்த அடுக்கின கற்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்காவுக்குக் கை நீட்ட எடம் வேணும்ல" என்றாள்.

அவள் முகத்தில் அத்தனை மாதங்களில் நான் பார்க்காத ஒன்று தெரிந்தது, அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. பள்ளத்தை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் மட்டும் உயர்த்தச் சொன்னேன், மறைப்புக்கு அந்த இடத்தில் சுருட்டி விடுகிற மூங்கில் திரை ஒன்று தொங்கவிட்டோம். அதற்குப் பிறகு ஒரு கல்கூட அசையவில்லை.

குளம் கட்டி முடித்தும் தண்ணீர் இல்லை. ஊரே டேங்கருக்கு வரிசையில் நிற்கிற கோடையில் குளத்தை நிரப்பினால் அக்கம்பக்கத்தார் என்னை உயிரோடு விடுவார்களா? மொட்டைமாடியில் விழுகிற மழையை சம்ப்பில் பிடித்து, அதைக்கொண்டு நிரப்புவது என்று காத்திருந்தேன். மழையும் வந்தது, குளமும் நிரம்பியது. கலாதான் இறங்கவில்லை. தினமும் நாளைக்கு, நாளைக்கு என்றாள். டாக்டர் சொன்ன வருஷமும் தேய்ந்துகொண்டே வந்தது, ஆசையாகக் கட்டிய குளத்தில் பப்பாளி இலைதான் மிதந்தது.

அந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் நல்ல மழை பெய்து மத்தியானம் வெளுத்திருந்தது. நானும் கெஞ்சி, மிரட்டி, சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்து அவளை ஒரு வழியாகக் குளத்தோரம் வரை கூட்டிவந்துவிட்டேன். பழைய நைட்டியை மாட்டிக்கொண்டு, வாக்கரை டெக்கில் விட்டுவிட்டு, கம்பியைப் பிடித்து முதல் படியில் இறங்கினாள். தண்ணீர் கணுக்காலைத் தொட்டதும் நின்றுவிட்டாள். "என்னால முடியாதுங்க, என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்க. அக்கா இருந்திருந்தா நான் நடந்திருப்பேன்" என்று அழ ஆரம்பித்தாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், இனி இவளைத் தொந்தரவு பண்ணக்கூடாது, வாக்கரோடயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று அந்த நிமிஷம் மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டேன்.

அப்போது அஸர் பாங்கு கேட்டது. எதிர் முனையில் பளிச்சென்று ஏதோ கண்ணில் அடித்தது. மூங்கில் திரை மேலே சுருண்டிருந்தது, நான் சுருட்டவில்லை. பள்ளத்தில் ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி உட்கார்ந்திருந்தது. கலாவும் பார்த்துவிட்டாள், அழுகை நின்றது.

"நான் போய் எடுத்துட்டு வரேன்" என்றேன்.

"நீங்க தொடாதீங்க. எனக்குக் குடுத்தது" என்றாள்.

அவள் பாட்டுக்கு இறங்கினாள். இரண்டாம் படி, மூன்றாம் படி, நைட்டி தண்ணீரில் விரிந்து மிதந்தது, அதை ஒரு கையால் தள்ளிவிட்டு நடந்தாள். நான் டெக்கில் கூடவே ஓரமாக நடந்தேன், பிடிப்பதற்குக் கை நீட்டினேன், அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாதிக் குளத்தில் கம்பியை விட்டுவிட்டாள். ஒரு கையை மட்டும் கொஞ்சம் முன்னால் நீட்டியிருந்தாள், நாம் யார் கையையாவது பிடித்துக்கொண்டு நடக்கும்போது நீட்டுவோம் இல்லையா, அதேபோல. அந்த முனைக்குப் போய், முட்டியை மடக்கி, படி ஏறி, சொட்டச் சொட்ட நின்று தூக்குச்சட்டியை எடுத்து மூடியைத் திறந்தாள். உள்ளே புதினா. இப்போதுதான் பறித்த மாதிரி வேரோடு நாலு கொத்து, இலையில் தண்ணீர்த்துளி. என் கலா அங்கேயே படியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே அழுதாள். "வெறுமனே தரமாட்டா, பாத்தீங்களா" என்றாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க நான் சுவரை எட்டிப் பார்க்கப் போனேன்.

பக்கத்து வீட்டுப் பின்பக்கம் முழுக்க மழைச்சேறு. அதில் ஒரு கால்தடம் இல்லை, பூனை நடந்த அடையாளம்கூட இல்லை. புதினா வைத்த பக்கெட்டில் காய்ந்த மண்கட்டிதான் இருந்தது. முன்னால் போய் கேட்டைப் பார்த்தேன், இம்ரான் போட்ட பூட்டு துருவேறித் தொங்கியது. தூக்குச்சட்டி கலாவுடையதேதான். எங்கள் கல்யாணத்தில் பெயர் வெட்டியவன் இடத்தைக் கணக்குப் பண்ணாமல் கலாவதி என்று பெரிதாக ஆரம்பித்துவிட்டு, கடைசி எழுத்துக்கு இடம் இல்லாமல் கீழே இறக்கி வெட்டியிருந்தான். ப்ரீத்தி சின்ன வயதில் கீழே போட்டதில் அடியில் ஒரு நசுங்கலும் உண்டு. எல்லாம் இருந்தது.

அதற்குப் பிறகு கலா ஒரு நாள்கூட நடக்காமல் இருந்ததில்லை. புதினாவைச் சுவரோரம் நட்டாள், புதராக மண்டிவிட்டது. வாக்கரைப் பழனியின் மாமியாருக்குக் கொடுத்துவிட்டோம். யாரோ எப்படியோ அந்த வீட்டுக்குள் புகுந்து எடுத்து வைத்திருக்கிறார்கள், எனக்குத்தான் புரியவில்லை என்று நானும் மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அது இம்ரான் வருகிற வரைக்கும்தான். அவன் லீவில் வந்து வீட்டைத் திறந்து சுத்தம் பண்ணினான். மறுநாள் எங்கள் வாசலில் வந்து நின்றான், கையில் ஒரு தூக்குச்சட்டி. "ஆன்ட்டி, அம்மா கிச்சன்ல இருந்துச்சு. உங்க பேரு போட்டிருக்கு" என்றான். உள்ளே காய்ந்து கறுத்த ரசம் இருந்ததாம், கழுவிக் கொண்டுவந்திருந்தான். அவன் அம்மா பிள்ளை இல்லையா, பேரீச்சம்பழம் போட்டுக் கொடுத்தான். கலா பதறாமல் வாங்கிக்கொண்டு, அவனை உட்காரவைத்துக் கருப்பட்டிக் காபி கொடுத்தாள். நான்தான் உட்கார முடியாமல் சமையலறைக்குப் போய் அலமாரியைத் திறந்தேன். புதினா வந்த தூக்குச்சட்டி அங்கேயே இருந்தது.

அவன் போன பிறகு என் வெர்னியரை எடுத்து இரண்டையும் அளந்தேன். வாயகலம், உயரம், நசுங்கலின் ஆழம், கீழே இறங்கிய அந்த எழுத்து. கையால் வெட்டிய பெயர் இன்னொரு பாத்திரத்தில் அச்சாக அப்படியே வராது, வரவும் முடியாது, இதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன். இரண்டுக்கும் ஒரு மயிரிழைகூட வித்தியாசம் இல்லை. எதை ரிஜெக்ட் பெட்டியில் போடுவது என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தேன். "ரெண்டும் என்னோடதுதான், பேர் போட்டிருக்குல்ல" என்று கலா இரண்டையும் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

போன வாரம் சாயங்காலம் தண்ணீர் குடிக்கப் போனபோது அலமாரியில் ஒரு தூக்குச்சட்டிதான் இருந்தது. கலா குளத்தில் நடந்துகொண்டிருந்தாள். இன்னொன்று எங்கே என்று கேட்டேன். "சுண்டல் பண்ணேன்ல, குடுத்திருக்கேன். வரும்" என்றாள், நடையை நிறுத்தாமல். பள்ளத்தைப் பார்த்தேன், அங்கே ஒன்றும் இல்லை. பக்கத்து வீடு பூட்டியிருக்கிறது, இம்ரான் துபாய் போய்விட்டான்.

விளக்கேற்றிய பிறகு போய்ப் பார்த்தேன், இரண்டு தூக்குச்சட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றின் மூடியைத் திறந்தேன். அடியில் ஒரு பிடி வெள்ளையாகக் கிடந்தது. எங்கள் வீட்டில் அது வாங்கி வருஷக்கணக்காகிறது என்று சொன்னேன் இல்லையா. கலா பூஜை அறையில் இருந்தாள், என்னைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டே நின்றேன், பிறகு டாக்டர் சொன்னதை மறந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டேன்.

சர்க்கரைதான்.